செவ்வாய், வியாழன், சனி

அக்கா,

இன்று காலை மாவு பொங்கியிருந்தது. மூன்று நாளாக விடாத சாரல். ஏரிப் பக்கம் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. துவைத்த துணி காயாமல் வீடு முழுக்கத் தொங்குகிறது. இந்தக் குளிரில் மாவு மட்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. மூடியைத் தூக்கியதும் அந்தப் புளிப்பு வாசம் அடித்தது. தோசைக்கல்லைக்கூட வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பாத்திரத்தைச் சுற்றியிருந்தது உங்கள் கடை ஸ்வெட்டர். ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமாகப் பின்னி வந்ததால் யாரும் வாங்காமல் கிடந்த அந்த மரக்கலர் ஸ்வெட்டர்தான். ஆயக்குடி வெயிலில் வளர்ந்த நீங்கள், கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வருடம் ஒரு நாள்கூட மாவு புளிக்கவில்லை என்று அழுததாகச் சொல்லியிருக்கிறீர்கள். "எங்க ஊர்ல விடியுறதுக்குள்ள மாவு வெளிய ஓடிரும். இங்க செத்த மாதிரில்ல கெடக்கு!" பிறகு நீங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். அண்டாவில் சுடுதண்ணீர் ஊற்றி, மாவுப் பாத்திரத்தை அதில் இறக்கி, மேலே ஸ்வெட்டரைப் போட்டு மூடுவது. "குளுரு நமக்கு மட்டுமா? அதுக்குந்தான்" என்பீர்கள்.

இன்று எனக்கு விடுமுறை. உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் பழசைக் கொஞ்சம் பேசாமல் எனக்குப் பேனா ஓடாது போலிருக்கிறது.

நாயுடுபுரத்துச் சரிவில் ரோட்டிலிருந்து படியிறங்கினால் முதலில் உங்கள் வீடு, அடுத்தது எங்கள் வீடு. நடுவில் ஒரே சுவர். நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் பாயும் ஏழுரோட்டுப் பக்கம் ஸ்வெட்டரும் குல்லாவும் தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடை வைத்திருந்தீர்கள். நான் ஏரிக்கு மேலே இருக்கும் ஓட்டலில் ரிசப்ஷனில் இருந்தேன். என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டினார். உங்கள் ஷமீமாவும் எங்கள் ஜெனியும் ஒரே வகுப்பு. எங்கள் டோனிக்கு அப்போது ஐந்து வயது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோமே தவிர, உங்களோடு நான் நின்று பேசியதே குறைவு. நீங்கள் கடைக்குப் போகும்போது நான் வேலையில் இருப்பேன். நான் திரும்பும்போது நீங்கள் கடையில் இருப்பீர்கள்.

சீசன் வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஏப்ரல், மே, பூஜை லீவு, கிறிஸ்துமஸ் லீவு. கீழேயிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். "டின்னர் ஏழரையிலேர்ந்து பத்து வரைக்கும் சார், குழந்தைகளுக்குக் காரமில்லாம தனியா இருக்கு மேடம்" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சிரித்த முகத்தோடு சொல்வேன். என் பிள்ளைகள் அந்த நேரத்தில் வீட்டில் பன்னோ பிஸ்கட்டோ தின்றுகொண்டிருக்கும். நான் வரும்போது பரோட்டா பார்சல் வாங்கி வருவேன். அவர் வேறொரு கடையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். டோனி பாதி நாள் சாப்பிடாமலே தூங்கியிருப்பான். இப்படித்தான் எல்லார் வீட்டிலும் நடக்கிறது, சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜெனிக்குப் பத்து வயதான அந்தப் பூஜை லீவு வாரம். தம்பிக்குப் பசிக்கிறதென்று அவளாகவே ஸ்டவ்வைப் பற்றவைத்து நூடுல்ஸ் வைத்திருக்கிறாள். இறக்கும்போது கொதிக்கிற தண்ணீர் மணிக்கட்டில் சரிந்துவிட்டது. அவள் கத்தியது சுவருக்கு அந்தப் பக்கம் உங்களுக்குக் கேட்டிருக்கிறது. அன்று ஏதோ எடுக்க வந்ததால் வீட்டில் இருந்தீர்கள். ஓடிவந்து, பிள்ளையின் கையைக் குழாயடியில் பிடித்து, அந்த ஐஸ் தண்ணீரில் வெகுநேரம் வைத்திருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். எனக்கு ஓட்டலுக்குப் போன் செய்து, "பயப்படாத. புள்ள நல்லாருக்கு. மெதுவா வா" என்று மட்டும் சொன்னீர்கள்.

நான் படியிறங்கி ஓடிவந்தபோது உங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜெனி கையில் கட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள், ஷமீமா, டோனி மூன்று பேருக்கும் ஒரே தட்டில் பருப்புச் சோறு பிசைந்து நீங்கள் ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். டோனி வாயைத் திறந்து திறந்து வாங்கினான். என் பிள்ளை இவ்வளவு சாப்பிடுவான் என்பதையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீங்கள் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலாக, மறுநாள் வெள்ளனே, நான் கிளம்புவதற்கு முன்னால் கதவைத் தட்டினீர்கள்.

"ஏ செலினு, ஒனக்கு வாரத்துல எத்தன நா காலை ஷிப்ட்டு?"

"மூணு நாளுக்கா."

"திங்க, புதன், வெள்ளின்னு கேட்டு வாங்கு. அன்னைக்கு சாயங்காலம் நீ ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஆக்கு. செவ்வா, வியாழன், சனி நா ஆக்குறேன். ஞாயித்துக்கெழம அவுகவுக வீட்ல."

"உங்களுக்குக் கடை இருக்குல்லக்கா?"

"அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வந்துருவேன். பாயி பாத்துக்கிடட்டும். பத்து வயசுப் பொட்டப் புள்ள அடுப்புக்கிட்ட நிக்கணும்னா, நம்ம ரெண்டு பேரும் எதுக்கு இருக்கோம்?"

ஒரே ஒரு நிபந்தனை வைத்தீர்கள். கறி வாங்கினால் உங்கள் ஆட்கள் கடையில்தான் வாங்க வேண்டும். "அறுத்த கை எதுன்னு தெரியாம எங்க வீட்ல யாரும் வாயில வைக்க மாட்டாக. அத மட்டும் பாத்துக்க."

அன்று நான் மேனேஜரிடம் போய் நின்று ஷிப்டை மாற்றி வாங்கினேன். அவரிடம் அதுவரை எதுவுமே நான் கேட்டதில்லை.

முதல் மாதம் எனக்குத் திண்டாட்டம்தான். எட்டுப் பேருக்கு ஆக்குகிற அளவு தெரியாது. நாம் ஏழு பேர்தான், ஆனால் உங்கள் கணக்கில் டோனி இரண்டு ஆள். பருப்பு வேகவில்லை என்று நான் தடுமாறியபோது, "கீழ நாலு விசிலுன்னா இங்க ஏழு. மலையில எதுவும் வெரசா வேகாது" என்று சொன்னீர்கள். வேலை முடிந்து வந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தால் எட்டு மணிக்குக்கூட ஆகாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். பீன்ஸ், காரட், சௌசௌ, முட்டைக்கோஸ், மலைப்பூண்டு. மத்தியானம் உங்கள் வீட்டுக் கூடத்தில் பேப்பரை விரித்து எல்லோரும் உட்கார்ந்து நறுக்கினோம். ஒரு வாரத்துக்கான வெங்காயத்தையும் தக்காளியையும் பெரிய சட்டியில் சுருள வதக்கி இரண்டு பாட்டிலில் அடைத்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். அதில் இரண்டு கரண்டி போட்டால் குழம்பு பாதி முடிந்த மாதிரி. பாயையும் என் வீட்டுக்காரரையும் பூண்டு உரிக்க உட்காரவைத்தீர்கள். "நகமெல்லாம் எரியுதுக்கா" என்று இவர் முனகினார். "ஸ்டேரிங் புடிச்ச கைதான, ஒண்ணும் ஆகாது" என்றீர்கள். பாய் மட்டும் ஒரு பல் உரிப்பதற்குள் மூன்று போன் பேசுவார்.

ஏழு மணிக்கு அடுக்குச்சட்டி கைமாறும். ஏழரைக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு. என் வீட்டுக்காரர்கூட அந்த நேரத்துக்கு ஒரு சவாரியை விட்டுவிட்டு வர ஆரம்பித்தார். "பாய் வீட்டம்மா கறிக்கொழம்பு இன்னைக்கு" என்று படியிறங்கும்போதே சொல்லிக்கொண்டு வருவார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கதையை எங்களிடம் சொல்கிறார்கள் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. முன்னாலெல்லாம் அவர்களுக்குச் சொல்ல ஒரு நேரமே இருந்ததில்லை.

அப்புறம் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இன்றைக்கும் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வருடம் மே மாதம், ஒரு புதன்கிழமை. என் நாள். மத்தியானம் வர வேண்டிய பெண் வரவில்லை. மூன்று பஸ் நிறையக் கூட்டம் வந்து இறங்கிவிட்டது. நான் வெளியே வரும்போது ஏழு ஆகிவிட்டது. உங்களுக்குப் போன் செய்து முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் காய்ச்சலோடுகூட உங்கள் நாளைத் தவறவிட்டதில்லை. போகிற வழியில் ஒரு கடையில் பரோட்டாவும் கறிச் சால்னாவும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதை உங்கள் அடுக்குச்சட்டியில் ஊற்றினேன். மேலே கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்தீர்கள்.

"சால்னா நல்லாருந்துச்சு. எந்தக் கடை?"

"நான் வச்சதுதான்க்கா."

என் முகத்தைப் பார்த்தீர்கள். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அன்று வியாழன். சமைத்து அனுப்பினீர்கள், ஆனால் நீங்கள் வரவில்லை, ஷமீமா கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை நான் கொடுத்தனுப்பியது அப்படியே திரும்பி வந்தது. "அம்மா வேணாம்னுட்டாங்க ஆன்ட்டி" என்றாள் அந்தப் பிள்ளை. சனிக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் என் வீடு பழையபடி பார்சலுக்குத் திரும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் தாளிக்கிற சத்தம் கேட்கும். டோனி ஒரு நாள், "அம்மா, அத்தை நம்மளோட காயா?" என்று கேட்டான். என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவங்க என்ன பயந்திருப்பாங்கன்னு யோசிச்சியா? என்ன கறியோன்னு எத்தனை நேரம் தவிச்சிருப்பாங்க?" என்றார். அதுவரை நான் என் அவமானத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் உங்கள் கடைக்கு வந்தேன். ஒரு குடும்பம் குல்லா போட்டுப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஓரமாக நின்றேன். நீங்கள் அவர்களுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே, "என்ன?" என்றீர்கள்.

"கடையில வாங்குனதுக்கா. பொய் சொல்லிட்டேன். வாங்குனது உங்க ஆளுக கடைதான், கேட்டுத்தான் வாங்குனேன். ஆனா அது உங்களுக்குத் தெரியாதுல்ல. மன்னிச்சிருங்க."

அந்தக் குடும்பத்தை அனுப்பிவிட்டு வந்தீர்கள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டீர்கள்.

"நா சாப்புட்டுட்டேன் செலினு. அவரும் சாப்புட்டாரு, புள்ளயும் சாப்புட்டா. கடைச் சால்னான்னு நாக்குல பட்டதுமே தெரிஞ்சு போச்சு. ஆனா எந்தக் கடைன்னு தெரியல. மறுநா ஒங்கிட்ட கேக்குறேன், நீ கண்ணப் பாத்துப் பொய் சொல்ற. அதுக்கப்புறம் ஒன் கையால எப்படி வாங்கித் திங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் ஸ்வெட்டர்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"முடியலன்னா முடியலன்னு சொல்லு. அதச் சொல்ல ஒனக்கு என்ன? நா ஒனக்கு மாமியாளா? முடியாத அன்னைக்கு ஒரு ரசம் வைப்போம், முட்டைய அவிப்போம். யாரும் செத்துர மாட்டாக."

"ரசமெல்லாம் குடுத்தனுப்புனா நல்லாவா இருக்கும்?"

"என்னத்துக்கு நல்லா இருக்கணும்? சூடா இருந்தாப் போதும். இங்க என்ன விருந்தா நடக்கு?"

அன்று முதல் வாரத்தில் ஒரு நாளாவது ரசம் நாள் என்று ஆகிவிட்டது. முடியாதவர் ஐந்து மணிக்குள் போன் செய்ய வேண்டும். அதற்குமேல் விளக்கம் கேட்கக் கூடாது. ஆச்சரியம் என்னவென்றால், பிள்ளைகளுக்கு அந்த நாள்தான் பிடித்துப்போனது. மூட்டம் இறங்கிய சாயங்காலத்தில் மிளகு ரசமும் அவித்த முட்டையும் சுட்ட அப்பளமும் தட்டில் விழுந்தால் கறிக்குழம்பைக்கூடக் கேட்க மாட்டார்கள்.

ஒரு வருடம் உங்கள் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்ததே, நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் நாற்பது நாளும் கறி மீன் கிடையாது. நீங்கள் கொத்துக்கறி போட்டுத்தான் நோன்புக் கஞ்சி காய்ச்சுவீர்கள். எங்களுக்காகக் கறி போடாமலே காய்ச்சினீர்கள். "ஒங்களுக்குத் தனியாக் காய்ச்சுங்கக்கா" என்றதற்கு, "ரெண்டு பானை வச்சுக்கிட்டு நிக்க எனக்கு வேற சோலி இல்லையா?" என்றீர்கள். என் நாளில் பாங்கு சொல்வதற்குள் எல்லாம் தயாராக வேண்டும் என்று ஓட்டலிலிருந்து ஓடிவருவேன். உங்கள் நாளில் நோன்போடு சமைப்பதால் நீங்கள் ருசி பார்க்க மாட்டீர்கள். "டோனி, வாடா, உப்பு பாரு" என்று கூப்பிடுவீர்கள். அவன் பெரிய மனிதன் மாதிரிக் கரண்டியை நக்கிவிட்டு, "இன்னுங் கொஞ்சம்" என்பான். அந்த மாதம் முழுவதும் நம் இரண்டு வீட்டுக்கும் உப்பு ஏழு வயசு டோனியின் நாக்கில்தான் இருந்தது.

ஏழு வருடம் இப்படி ஓடியது. ஒவ்வொரு வாரமும் ஓடவில்லை. சண்டை வந்தது, காய்ச்சல் வந்தது, வெளியூர்க் கல்யாணங்கள் வந்தன. விட்டுவிட்டு மறுபடி பிடித்தோம்.

போன வருடம் சீசன் முடிகிறபோது உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படி ஏறும்போது நடுவில் நின்றீர்கள். "சளிதான்" என்றீர்கள். நானும் நம்பினேன். ஜூன் மாதம் பாய் உங்களை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். என் வீட்டுக்காரர்தான் வண்டி ஓட்டினார். பதினோரு நாள் அங்கே இருந்தீர்கள். ஐந்தாவது நாள் பாய் போனை உங்கள் காதில் வைத்தார். மூச்சுக்கு நடுவே நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழன்க்கா."

"என் நாளு... ஷமீமாவ அடுப்புக்கிட்ட விட்றாத."

விட மாட்டேன் என்று சொன்னேன். மூச்சடங்கி நீங்கள் வண்டியில் திரும்பி வந்தபோது எங்கள் படியில் ஊரே நின்றது.

இனி நான் எழுதப்போவதுதான் நீங்கள் பார்க்காதது.

முதல் நாற்பது நாள், ஞாயிறு தவிர ஆறு நாளும் இரண்டு வீட்டுக்கும் நானே ஆக்கினேன். ஷிப்ட் மாறும், தூக்கம் வராது, ஓட்டலில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய அறையை இன்னொருவருக்குக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். ஆனாலும் சொந்தத்தைப் பறிகொடுத்த வீட்டில் போய் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? பிறகு பாயின் தங்கை ஆயக்குடியிலிருந்து வந்து இரண்டு வாரம் தங்கினார். நல்லவர்தான், பாசமானவர்தான். ஆனால் வந்த மூன்றாம் நாளே, "பொட்டப் புள்ள வீட்ல இருக்கையில எதுக்கு அடுத்த வீட்டுச் சாப்பாடு? அவ கத்துக்கிட வேண்டாமா?" என்று சொல்லி ஷமீமாவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகும் அதுவே தொடர்ந்தது.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. வாக்குக் கொடுத்ததை மறக்கவில்லை. ஆனால் ஒரு மாதம், கொஞ்ச நாள்தானே என்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிளஸ் டூ காலாண்டுப் பரீட்சை முடிந்து பேப்பர் கொடுத்த அன்று ஜெனி வந்து சொன்னாள். "அம்மா, ஷமீமா கெமிஸ்ட்ரில ஃபெயில். டீச்சர் கேட்டா தலைய குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா." எப்போதும் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிற பிள்ளை. அன்று சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். குக்கருக்குப் பக்கத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆயிருச்சு ஆன்ட்டி, இன்னும் அரை மணி நேரந்தான்" என்று சிரித்தாள். விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

நேராகக் கடைக்குப் போனேன். பாய் தனியாக உட்கார்ந்திருந்தார். நீங்கள் போன பிறகு அவரோடு நான் நின்று பேசியதே இல்லை.

"பாய், ஷமீமா பரீட்சையில ஃபெயிலாயிட்டா. தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. மேஜையில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா கடைசியா எங்கிட்ட சொன்னது, அவள அடுப்புக்கிட்ட விட்றாதன்னுதான். நானுந் தப்பு பண்ணிட்டேன். ஆறு நாளும் என்னால முடியல பாய். ஆனா அவளும் ஆக்கக் கூடாது."

"வேற யாரு இருக்கா சொல்லு?"

"நீங்க இருக்கீங்க."

நான் இப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு வெந்நி கூட வைக்கத் தெரியாதேம்மா. அவ இருந்தவரைக்கும் நா அடுப்படிக்குள்ளயே போனதில்ல."

"எனக்கும் எட்டுப் பேருக்கு ஆக்கத் தெரியாது பாய். அக்கா சொல்லித்தான் செஞ்சேன். தெரியலன்னா போன் போடுங்க."

மேஜையில் கிடந்த ஒரு குல்லாவை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "செவ்வாக்கெழம மட்டும் மொதல்ல குடு. பாப்போம்" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலரைக்கே கடையை மூடியிருக்கிறார். உங்கள் கடை அந்த நேரத்தில் மூடி யாரும் பார்த்ததில்லையாம், பக்கத்துக் கடைக்காரர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனாராம். ஐந்து மணியிலிருந்து எனக்கு ஒன்பது போன். கடுகு எப்போது போடுவது, புளி எவ்வளவு, மஞ்சத்தூள் எந்த டப்பாவில் இருக்கும். ஷமீமாவை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவள் எங்கள் கூடத்தில் ஜெனியோடு உட்கார்ந்து படித்தாள். படித்தாள் என்று சொல்வதைவிடச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் சரி.

ஏழே காலுக்கு அடுக்குச்சட்டியோடு வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் மஞ்சள். "செவ்வா எங்க வீட்டு நாளு" என்று சொல்லிவிட்டுச் சட்டியை நீட்டினார். என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தார்.

எல்லோரும் சேர்ந்தே உட்கார்ந்தோம். சோறு குழைந்திருந்தது. சாம்பாரில் பருப்பு வேகவே இல்லை. மென்றுகொண்டே இருந்தோம். டோனிதான் பொறுக்கமுடியாமல், "மாமா, இது கடலையா, பருப்பா?" என்றான். "நாலு விசிலு விட்டேனேடா!" என்றார் பாய். "மாமா, மலையில ஏழு விடணும்" என்று டோனி சொன்னதும் ஷமீமா சிரித்தாள். வாயில் சோற்றோடு, அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவர் சிரித்தார். நீங்கள் போன பிறகு அந்த மனிதர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஏழு விசில் விட்டார். அதற்கடுத்த வாரம் உப்பு மறந்தார். தீபாவளி லீவுக் கூட்டம் வந்தபோது, இந்தத் தடவை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குப் போன் வந்தது. "செலினு, கடையில கூட்டம் நெருக்குது. முடியல. ரசம் மட்டும் வச்சிரட்டுமா?" நீங்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவருக்கு முட்டைக் குழம்பு தவிர வேறு வராது, அதனால் எல்லா வியாழனும் முட்டைக் குழம்பு. சனிக்கிழமை பாயும் அவரும் சேர்ந்து ஏதாவது செய்வார்கள். அடுப்படியே கவிழ்ந்து கிடக்கும், ஆனால் சாப்பாடு வந்துவிடும். ஷமீமா அரையாண்டில் தேறினாள். பொதுத்தேர்வில் நல்ல மார்க். கெமிஸ்ட்ரியில் அவள் வாங்கிய மார்க்கைப் பாய் கடைக்கு வருகிற டூரிஸ்டுகளிடம்கூடச் சொன்னார். அவர்கள் தைலம் வாங்க வந்தவர்கள்.

போன மாதம் இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள் அக்கா. ஷமீமா மதுரையில் பி.எஸ்ஸி., ஜெனி திண்டுக்கல்லில் நர்சிங். ஒரே நாளில், ஒரே வண்டியில், இவர்தான் கொண்டுபோய் விட்டார். புறப்படும்போது ஷமீமா உங்கள் அலமாரியைத் திறந்து ஒரு சால்வையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "அங்க வெயில்டி" என்று ஜெனி சொன்னாள். "தெரியும்" என்றாள் அவள். இதைத்தான் உங்களிடம் முதலில் சொல்ல நினைத்தேன். பிள்ளை படிக்கப் போயிருக்கிறாள்.

இனி நாலு பேருக்கு எதற்கு இரண்டு வீட்டுச் சமையல் என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. பாயிடம் கேட்டுப் பார்த்தேன். "ஏன், நாங்க ஆக்குறது நல்லா இல்லையா?" என்று கோபித்துக்கொண்டார். இப்போது வாரநாட்களில் ஒரே வீட்டில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவரவர் நாளில் அவரவர் வீடு. போன வாரம் பிள்ளைகள் ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் வந்து எங்கள் தட்டைக் காட்டச் சொன்னார்கள். அவர்களுக்குக் கொடுத்த உப்புமாவை அவர்கள் காட்டினார்கள். டோனி கறித்துண்டைக் கேமராவுக்கு முன்னால் ஆட்டி ஆட்டித் தின்றான்.

உங்களிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை. உங்கள் நோன்புக் கஞ்சியை இந்த வருடம் வைத்துப் பார்த்தேன், அது வேறு ஏதோ கஞ்சியாக வந்தது. ஆனால் வேலை முடிந்து படியிறங்கும்போது முன்னால் எனக்கு ஒரு பயம் இருக்கும், வீட்டில் என்ன கிடக்கிறதோ, பிள்ளைகள் என்ன தின்றார்களோ என்று. அது இப்போது இல்லை. அது எப்போது போனது என்று யோசித்தால், அந்தப் பூஜை லீவுக்கு மறுநாள் காலை நீங்கள் கதவைத் தட்டியதில்தான் போய் நிற்கிறது. நீங்கள் இல்லாத இந்த ஒரு வருடத்திலும் அது திரும்பி வரவில்லை.

மத்தியானம் எழுத உட்கார்ந்தது, வெளியே இருட்டிவிட்டது. இன்று செவ்வாய். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ வறுபடுகிற சத்தம் கேட்கிறது, மீன் மாதிரி வாசம். கீழேயிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்ததாகப் பாய் சொன்னார். அவர் மீன் பொரிப்பது இதுதான் முதல் தடவை. ஒரு போன்கூட வரவில்லை.

டோனி இப்போது வந்து வாசலில் நிற்கிறான். "அம்மா, மாமா கூப்புடுறாரு. வெரசா வருவியாம், ஆறிருமாம்."

போய்ச் சாப்பிட்டு வருகிறேன் அக்கா.

உங்கள்
செலின்